நாள் அறியாதவருக்கு இடம் விட்டவர்

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மாக்கையோடுதான் எடுத்தேன்.

"நகுலா போயிட்டாள்," என்றார்.

"எத்தனை மணிக்கு?"



"இஞ்சேரும், என்ரை தங்கச்சி செத்துப்போனாள் எண்டு சொல்லுறன். நீர் மணி கேக்கிறீர்."

"கேக்கச் சொன்னது அவதான்."

அவர் பக்கத்தில் நின்ற தாதியிடம் விசாரித்து நேரத்தைச் சொன்னார். நான் கையைக் கழுவி, நாட்காட்டியின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் சுவாமி அறைக்குப் போய் விளக்கை ஏற்றினேன். அழுகை அன்று வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களில் சிலர் அதைக் கவனித்ததையும் நான் கவனித்தேன்.

என் கணவரின் தங்கை செல்வி நகுலேஸ்வரி அவர்களைப் பற்றி இந்தக் கல்வெட்டில், இந்த நினைவு மலரில், நான் எழுத வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் இந்தப் புத்தகம் போகும். அவரை அறிந்தவர்களும் வாசிப்பார்கள், கனடாவிலும் இலண்டனிலும் அவரை ஒருநாளும் காணாத பிள்ளைகளும் வாசிப்பார்கள். ஆகவே இரு பகுதியாருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன். எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிழையிருந்தால் பொறுத்தருள்க.

நான் அச்சுவேலிக்கு மருமகளாக வந்தபோது நகுலா பல்கலைக்கழகம் போகக் காத்திருந்தார். முறைப்படி நாங்கள் ஒருவருக்கொருவர் மச்சாள். வந்த முதற்கிழமையே என் கொப்பியைப் பார்த்துவிட்டார். எண்ணெய், விறகு, விரதநாள், ஆர் வீட்டுக்கு எந்தக் கறி கொடுத்தோம், எந்தப் பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பது என் சிறுவயதுப் பழக்கம்.

"மச்சாள், உங்களிட்டைச் சட்டி கடன் வாங்கினவை பாவம்," என்றார். "மறக்கவும் ஏலாது, சாகவும் ஏலாது."

"சட்டியைத் தந்துபோட்டுச் சாகட்டும்," என்றேன். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பழக்கம்.

அவர் படித்து, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினிப் போதனாசிரியையாக நெடுங்காலம் வேலை பார்த்தார். கலியாணம் செய்யவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, "இன்னும் ஒருத்தரும் பிழையில்லாமல் விண்ணப்பிக்கேல்லை" என்பார். எங்கள் வளவிலேயே முன்னறையில் இருந்தார். சீனி இல்லாத தேத்தண்ணீர்தான் குடிப்பார். கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போய்விடும். கோயிலுக்குத் தேர், தீர்த்தம் தவிர வேறு நாட்களில் வரமாட்டார். நான் அவருக்காக விரதம் பிடிக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "பிடியுங்கோ. அதுக்கும் நான்தானே நாள் பாத்துத் தரவேணும்," என்று சிரித்தார்.

நாள் பார்க்கும் கதைதான் இந்தக் கட்டுரையின் கதை.

கல்லூரியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறபோது நகுலாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. கணினிக்குக் கட்டளை எழுதப் பழகுகிற பிள்ளை முதலில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, அதில் களைத்து, பிறகு கணக்குக்கு வரும்போது உசார் இல்லாமற் போய்விடுகிறது என்பார். அதனால் தமிழில் எழுதக்கூடிய ஒரு சின்ன மொழியைத் தானே செய்தார். அதற்குக் கடகம் என்று பெயர் வைத்தார். பனையோலைக் கடகம் எதைப் போட்டாலும் கொள்ளும், தலையிலும் வைக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். கடகத்தில் நாங்கள் எழுதுவதை வாசித்து, கணினிக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக்கொடுக்கிற ஒன்று வேண்டும். அதற்குத் தொகுப்பி என்று பெயர். பாடுபட்டதெல்லாம் அந்தத் தொகுப்பியோடுதான்.

நான் கடகம் பழகியது அவரிடமிருந்து அல்ல. கேட்டேன், மறுத்துவிட்டார்.

"நான் சொல்லித் தரமாட்டன், மச்சாள். பிழையா எழுதுங்கோ. அது சொல்லும்."

அது சொல்லத்தான் செய்தது. மற்ற மொழிகளில் பிழை விட்டால் இலக்கமும் குறியீடுமாக ஏதோ வருமாம். நகுலா தன் தொகுப்பிக்கு வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைக்கப் பழக்கியிருந்தார். "இது எனக்கு விளங்கேல்லை, மேல் வரியைப் பாருங்கோ" என்று வரும். "உப்பிடி ஒரு பேரை நீங்கள் எனக்கு முன்னம் சொல்லேல்லை" என்று வரும். முன்னறையில் அவர் இருக்க, நடு அறையில் மடிக்கணினிக்குள்ளிருந்தும் அவரே என்னைப் பேசுகிற மாதிரி இருக்கும். அப்படிப் பேச்சு வாங்கித்தான் நான் என் வீட்டுக் கணக்கையும் விரதப் பட்டியலையும் கடகத்துக்கு மாற்றினேன்.

ஒரு தொகுப்பிக்குச் சில வேலைகள் பிறவியிலேயே தெரிந்திருக்கும். கூட்டுவது, இரண்டில் பெரியதைச் சொல்வது போன்றவை. எழுதுகிறவர் அவற்றைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, பெயரைச் சொன்னாற் போதும். நகுலா இவற்றைக் 'கைவசம்' என்றார். எனக்கு விளங்கியது இப்படி: வீட்டில் தூள் வறுத்து இடித்து வைத்திருந்தால் கறிக்கு ஒரு கரண்டி போட்டால் முடிந்தது. இல்லையென்றால் ஒவ்வொரு கறிக்கும் மிளகாயும் மல்லியும் வறுக்கத் தொடங்கவேண்டும். இதைச் சொன்னபோது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு கல்லூரியிலும் இந்த உதாரணத்தைத்தான் சொன்னாராம். என் பெயரைச் சொன்னாரோ தெரியாது.

எங்கள் குடும்பத்தில் யாருடைய திவசம் எந்த நாளில் வருகிறது என்பதை வைத்திருப்பவள் நான். திவசம் ஆங்கிலத் திகதிக்கு வருவதில்லை. உயிர் பிரிந்த மாதமும் திதியும் அடுத்த ஆண்டில் எந்த நாளில் சேர்கின்றனவோ அந்த நாள்தான். பங்குனி பிறந்தால் போதும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "மாமி, அப்பாவின்ரை திவசம் வாறவருசம் எப்ப?" என்று கேட்பார்கள். நான் பஞ்சாங்கத்தோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வேன்.

ஒருநாள் நகுலா வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சாள், திதியைக் கைவசமாக்கிப்போட்டால் உங்களுக்கு இந்தப் பாடு இல்லை."

"உம்மடை மெசினுக்குத் திதி என்ன தெரியும்?"

"சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலை இருக்கிற இடைவெளியைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையா வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு திதி. அவ்வளவுதான். நீங்கள் கும்பிடுற நிலவைத்தான் நானும் அளக்கப்போறன்."

புதிய கைவசம் ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெயரைத் தொகுப்பியின் பெயர்ப்பட்டியலில் சேர்க்கவேண்டும். அதற்கு என்னென்ன கொடுக்கப்படும், அது என்ன திருப்பித் தரும் என்று அறிவிக்கவேண்டும். பிறகுதான் அது செய்யவேண்டிய வேலையை எழுதலாம். இதில் எதை விட்டாலும் மற்றவை பயனில்லை. எங்கள் பகுதியில் சில வீடுகள் வாக்கிய பஞ்சாங்கமும் சில வீடுகள் திருக்கணிதமும் பார்ப்பதால், எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் சேர்த்துக் கொடுக்கும்படி வைத்தார்.

அடுத்த நாள் என் விரதப் பட்டியல் ஓடவில்லை. "திதி எண்டது இனி என்ரை பேர். நீங்கள் வேறை பேர் வையுங்கோ" என்று வந்தது. நான் ஏற்கனவே அந்தப் பெயரை என் பட்டியலில் ஒரு நிரலுக்கு வைத்திருந்தேன்.

"என்னட்டைக் கேக்காமல் என்ரை பேரை எடுத்துப்போட்டீரே?"

"ஊருக்குக் கிணறு வெட்டுறதெண்டால் ஆரோ ஒருத்தரின்ரை காணியிலைதானே வெட்டவேணும், மச்சாள்."

எழுதியது சரியா என்று பார்க்க அவருக்கு விடை தெரிந்த கணக்குகள் தேவைப்பட்டன. அவை எங்கள் அலுமாரியில் இருந்தன. போய்வந்த செத்தவீடுகளின் ஒவ்வொரு கல்வெட்டையும் நான் சேர்த்துவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் திதி வெண்பா இருக்கும். மறைந்தவர் பிரிந்த ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்ற பக்கம், திதி எல்லாம் பாட்டிலேயே இருக்கும், பக்கத்தில் திகதியும் இருக்கும். நகுலா பாயில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லித் திகதியைக் கொடுப்பார். கடகம் திதியைச் சொல்லும். நான் வெண்பாவைப் பார்த்துச் "சரி" என்பேன். ஊரில் இறந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து எங்களுக்கு உதவி செய்த மாதிரி இருந்தது.

பிழைத்தது ஒரு இடத்தில். அவருடைய தகப்பனார், என் மாமனாரின் கல்வெட்டில். வெண்பா ஏகாதசி என்றது. கடகம் தசமி என்றது.

"அப்பா இருக்கேக்கையும் ஒரு கணக்குக்கும் அடங்கேல்லை," என்றார் நகுலா.

நான்தான் மாமாவின் கடைசி நாளை நினைவுபடுத்தினேன். மாமா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. காலையில் தசமியாக இருந்த திதி மத்தியானத்துக்குள் மாறிவிட்டது. நகுலாவின் கைவசம் சூரியன் உதித்த நேரத்துத் திதியைச் சொன்னது. திவசத்துக்கு வேண்டியது உயிர் பிரிந்த நேரத்துத் திதி.

"அப்ப நாள் மட்டும் காணாது. மணியும் வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சாள், நான் செத்தால் முதல் வேலையா மணியைக் கேட்டு எழுதிவையுங்கோ. இவை அழுதுகொண்டு மறந்துபோவினம்."

அப்போது அவருக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டார், நான் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் இருந்து வருடப்பிறப்புக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் அடித்துக் கொடுக்கத் தொடங்கினோம். அந்த வீட்டில் மறைந்தவர்களின் பெயர், மாதமும் திதியும், வருகிற ஆண்டில் அது விழுகிற நாள். முதலில் எங்கள் உறவுக்குள், பிறகு ஒழுங்கை முழுவதும், பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டார்கள். ஊரார் அதைத் திவசத்தாள் என்றார்கள். பலர் சுவரில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அன்னலட்சுமி அக்காவுக்கும் ஒரு தாள் போயிற்று. அவருடைய தம்பி கனடாவிலிருந்து தங்கள் பக்கத்துப் பெயர்களை அனுப்பியிருந்தார். தாய், தகப்பன், அக்காவின் கணவர். கடைசியாக அக்காவின் மகன் சுதன். மற்ற எல்லோருக்கும் திகதி இருந்தது. சுதனுக்கு இருக்கவில்லை. போர் முடிகிற காலத்தில் சுதனைக் காணவில்லை. அதற்கு மேல் அக்காவுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. தம்பியார் எந்த எண்ணத்தோடு அந்தப் பெயரைச் சேர்த்தார் என்று நான் சொல்ல முடியாது. வந்தபடியே, திகதி இல்லாமல் ஏற்றினோம்.

தாள் கொடுத்த மறுநாள் உச்சி வெயிலில் அன்னலட்சுமி அக்கா குடை இல்லாமல் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். செருப்பும் இல்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நகுலா விறாந்தையில் இருந்தார்.

"பிள்ளை, இதை உமக்கு ஆர் சொன்னது?"

"எதை அக்கா?"

"சுதன்ரை நாளை. ஆர் அறிஞ்சு சொன்னது? ஆராவது கண்டவையோ? ஆமிக்காரர் ஆரும் சொன்னவையோ?"

நகுலா தாளை வாங்கிப் பார்த்தார். நான் அவருடைய தோளுக்கு மேலாற் பார்த்தேன். சுதன் என்ற பெயருக்கு நேரே மார்கழி, தேய்பிறை, நவமி என்று இருந்தது. பக்கத்தில் வருகிற மார்கழியில் அது விழுகிற நாளும் இருந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா," என்றார் நகுலா.

"சொல்லாமல் எப்பிடித் திதி வரும்? நாள் தெரிஞ்சால்தானே திதி வரும். நீர்தானே எங்கடை ஐயாவின்ரை நாளை வாங்கிப் பாத்துச் சொன்னனீர்."

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. தாளைப் பார்த்ததும் நகுலாவுக்குக் காரணம் விளங்கிவிட்டது. கடகத்தில் வெறுமையாக விட்ட இடத்தைத் தொகுப்பி பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கணக்குக்கு அது வசதி. எண்ணெய் வாங்காத நாளுக்கு ஒன்றும் எழுதாமல் விடலாம். ஆனால் கணினி நாட்களை எண்ணத் தொடங்குவது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதாம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிலிருந்து; எங்கள் கணக்கில் அது மார்கழி. பூச்சியம் என்றால் அதற்கு அந்த நாள். அந்த நாளுக்குரிய திதியைத்தான் அது பார்த்துச் சொல்லியிருந்தது. சுதன் பிறக்க எவ்வளவோ காலத்துக்கு முந்திய ஒரு நாள்.

இதை அப்படியே அக்காவுக்குச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, தம்பியார் மேலும் கணினி மேலும் போடவில்லை.

"அப்ப மெசின் பொய் சொன்னதோ?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது அக்கா. தெரியாத இடத்திலை பேசாமல் இருக்கவும் தெரியாது. நான் பழக்கேல்லை. பிழை என்ரை."

அன்னலட்சுமி அக்கா விறாந்தைப் படியில் இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"தாளைக் கண்டவுடனை எனக்கு என்னெண்டு சொல்ல? ஒரு நாள் கிடைச்சிட்டுது எண்டு இருந்துது பிள்ளை. அழுதன். பேந்து குளிச்சன். குளிச்சுப்போட்டுத்தான் யோசிச்சன், ஆர் சொன்னது எண்டு." தண்ணீரைப் படியில் வைத்துவிட்டு, "இப்ப திருப்பி வாங்கிப்போட்டீர்," என்றார்.



அக்கா போன பின் நான் சொன்னேன், தாள் அடிக்கிற கட்டளையில் ஓர் 'எனில்' சேர்த்தால் முடிந்தது, நாள் இல்லையெனில் ஒன்றும் அடிக்காதே என்று. எனக்கே எழுதத் தெரிந்த வேலை.

"அது கறியிலை உப்புப் பாக்கிற வேலை, மச்சாள். பழுது தூளிலை. எனக்கும் உங்களுக்கும் இது தெரியும். நாளைக்கு வேறை ஆரோ கடகத்திலை எழுதுவினம். அவைக்குத் தெரியாது. இன்னொரு தாயிட்டை இன்னொரு தாள் போகும்."

தெல்லிப்பழைக்குப் போக்குவரத்து அந்த ஆடியில்தான் தொடங்கியது. வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது முற்றிவிட்டிருந்தது. மருந்து ஏற்றிவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாள் எழும்பமாட்டார். எழும்பினால் கஞ்சியைக் குடித்துவிட்டு மடிக்கணினியை எடுப்பார். உறவுக்காரர் எல்லோரும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். என் கணவர் ஒருநாள் கணினியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அண்ணை, திறப்பைத் தாங்கோ."

"உனக்கு இப்ப உதோ முக்கியம்?"

"ஓம். என்ரை பேரிலை ஒரு பொய் உலாவுது. அதைப் பிடிச்சுக் கட்டாமல் நான் படுக்கமாட்டன்."

திறப்பு கிடைத்தது.

அவர் செய்ததை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அதுவரை கடகத்தில் நாள் என்பது ஒரே வகைதான். அவர் அதை இரண்டாக்கினார். அறிந்த நாள், அறியாத நாள். அறியாத நாள் பூச்சியம் அல்ல, அது எந்த எண்ணும் அல்ல. திதிக்கு அறியாத நாளைக் கொடுத்தால் அறியாத திதியைத்தான் அது திருப்பித் தரலாம். கிழமை, வயது என்று நாளைத் தொடுகிற கைவசங்கள் ஒவ்வொன்றையும் திறந்து, என்ன வாங்குகிறது, என்ன தருகிறது என்ற அறிவிப்பை மாற்றி எழுதினார். அதோடு நிற்கவில்லை. நாளைக் கையாளுகிற எந்தக் கட்டளையிலும், நாள் அறியாவிட்டால் என்ன செய்வது என்று எழுதுகிறவர் சொல்லியே ஆகவேண்டும் என்றும், சொல்லாவிட்டால் தொகுப்பி அந்தக் கட்டளையை ஏற்கவே கூடாது என்றும் வைத்தார்.

பலன் எனக்குத்தான். ஒரு காலை எழும்பிப் பார்த்தால் நான் எழுதிய ஒன்றும் ஓடவில்லை. எல்லாவற்றிலும் ஒரே வசனம்: "நாள் அறியாட்டால் என்ன செய்யிறது? அதைச் சொல்லாமல் நான் அங்காலை போகமாட்டன்."

கட்டிலருகே போய் நின்றேன். "நகுலா, உம்மடை கடகம் என்ரை ஏகாதசியையும் விடுகுதில்லை. ஏகாதசிக்கு நாள் அறியாமல் போகுமோ?"

"விடாது." கண் திறக்கவில்லை. "கோவமெண்டால் அன்னலட்சுமி அக்காவைக் கண்டு கதைச்சுப்போட்டு வாங்கோ."

நான் போகவில்லை. இருந்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன்.

தைப்பொங்கல் கழிந்து கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு பிற்பகல், முச்சக்கரவண்டி பிடித்து அடுத்த ஒழுங்கைக்குப் போகவேண்டும் என்றார். நடந்தால் ஐந்து நிமிடம் போகிற இடம். போனோம். அன்னலட்சுமி அக்கா எங்களைக் கண்டு கதிரை இழுத்துப் போட்டார். நகுலாவின் தலையில் முடி இல்லை, துணி கட்டியிருந்தார். அக்கா அதைப் பார்த்தார்.

"அக்கா, இனி அப்பிடி வராது. உங்கடை வீட்டுக்கு மட்டுமில்லை, வேறை ஒருத்தரின்ரை வீட்டுக்கும் வராது. ஒண்டு மட்டும் நீங்கள் சொல்லவேணும். சுதன்ரை பேருக்கு நேரை என்ன வரவேணும்? 'தெரியாது' எண்டு போடவோ?"

"தெரியாது எண்டு போடாதையும். நான் அவன்ரை தாய். எனக்கு அவனைத் தெரியாதோ?"

"அப்ப பேரை எடுத்துவிடவோ?"

"பேரை ஏன் எடுக்கிறீர்? பேர் எப்பவும் இருக்கிறதுதானே."

கோழியொன்று வாசலுக்குள் வந்தது. அக்கா அதைக் கலைத்துவிட்டு வந்து இருந்தார்.

"இடம் விடும் பிள்ளை. பேரைப் போட்டுப் பக்கத்திலை இடம் விடும். ஒண்டும் எழுதாதையும். எழுத வேண்டி வந்தால் நான் வந்து சொல்லுவன்."

நகுலா தலையசைத்தார். பிறகு இருவரும் வேறு கதைகள் கதைத்தார்கள். மரவள்ளி விலை, மழை பெய்யாதது, யாரோ ஒருவருடைய மருமகளின் வாய். அக்கா பிளாஸ்டிக் போத்தல் நிறையத் தோடம்பழச் சாறு தந்துவிட்டார். முச்சக்கரவண்டியில் திரும்பும்போது நகுலா சொன்னார்: "நான் எதை எதையோ போடலாமெண்டு யோசிச்சன், மச்சாள். இடம் விடுறது எனக்கு மூளையிலை ஓடேல்லை."

அதற்குப் பிறகு அவர் தொகுப்பியில் கை வைத்ததாக எனக்கு நினைவில்லை. இடம் விடுகிற அந்த வசதியை மட்டும் சேர்த்துவிட்டு மடிக்கணினியை மூடி, கடவுச்சொல்லை என்னிடம் சொன்னார். கடகத்தை மற்றவர்களும் எடுத்துப் பாவிக்கிறபடி ஏற்கனவே இணையத்தில் வைத்திருந்தார். அதற்கு என்னென்ன குறை சொன்னார்கள், எவரெவர் பாவிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மாசியில் போய்விட்டார். நான் நேரம் கேட்டதை என் கணவர் இரண்டு நாள் மனதில் வைத்திருந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்குப் பிறகு, கல்வெட்டுக்கு வெண்பா எழுதுகிறவர் திதியைக் கேட்டு ஆள் அனுப்பினார். நான் முன்னறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்து, நாட்காட்டி ஓரத்தில் இருந்த நேரத்தை நாளோடு சேர்த்துக் கொடுத்தேன். வளர்பிறைத் தசமி என்றது. என் கணவர் பஞ்சாங்கத்தை விரித்து, கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்துப் பார்த்தார். உயிர் பிரிந்தபோது தசமி முடியச் சொற்ப நேரம்தான் இருந்தது. நேரம் தெரியாமல் விட்டிருந்தால் ஏகாதசி என்று ஆராவது எழுதியிருப்பார்கள்.

"அவளின்ரை கணக்கு அவளுக்கும் சரியா வந்திட்டுது," என்றார். பிறகு, "நீர் கேட்டது நல்லதாப் போச்சு," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது.

செத்தவீட்டிலேயே அன்னலட்சுமி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "இனி ஆர் இந்தத் தாளைப் பாக்கிறது?"

"நான்தான் அக்கா."

"அந்த இடம்?"

"இருக்கும்."

சொல்லிவிட்டேனே தவிர, செய்யமுடியுமா என்ற கவலை எனக்கு இருந்தது. தாள் அடிக்கிற கட்டளை நகுலா எழுதியது. புதிய பெயர் ஒன்றைச் சேர்த்து, முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குத் தனி வரி வருகிறபடி மாற்றவேண்டியிருந்தது. இந்தமுறை சேர்க்கிற பெயர் நகுலேஸ்வரி. எழுதி முடித்து ஓடவிட்டேன். திரையில் வந்தது:

"நாள் அறியாட்டால் என்ன செய்யிறது? அதைச் சொல்லாமல் நான் அங்காலை போகமாட்டன்."

புதிதாக எழுதிய வரியில் அதைச் சொல்ல மறந்திருக்கிறேன். முன்னறையில் கட்டில் மடித்துச் சுவரோடு சாத்தியிருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பை யன்னலில் கவிழ்த்தபடி இருந்தது. நான் அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: இடம் விடு.

அதன் பிறகு அது போயிற்று.

அன்னலட்சுமி அக்கா நேற்று வந்து தன் தாளை வாங்கினார். எங்கள் வீட்டுத் தாளையும் பார்க்கக் கேட்டார். நகுலேஸ்வரி, மாசி, வளர்பிறை, தசமி, பக்கத்தில் வருகிற மாசியில் விழுகிற நாள். அதை விரலால் தடவினார். பிறகு தன் தாளை விரித்து, கடைசி வரியில் சுதன் என்ற பெயரைப் பார்த்தார். பக்கத்தில் வெள்ளைத்தாள். அதன் மேலும் அதே விரலை வைத்தார்.

"பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டா," என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இந்தமுறை குடையை விரித்துக்கொண்டு போனார்.

நகுலா, இந்தக் கல்வெட்டும் மற்றவற்றோடு அலுமாரிக்குள் போகும். பின்னொரு காலத்தில் ஆராவது திதியைச் சரிபார்க்க இதையும் திறந்து, முதற்பக்கத்து வெண்பாவை வாசித்து, "சரி" என்பார்கள். உமக்கு நாள் இருக்கிறது, மணியும் இருக்கிறது. இரண்டையும் குறித்துவைத்திருக்கிறேன். நீர் கும்பிடாத கடவுளிடம் உம்மை ஒப்படைத்துவிட்டேன், கோபிக்கவேண்டாம். போயிட்டு வாரும், மச்சாள்.